மூன்றும் ஒன்றுதானே

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றியாயிற்றா, இல்லை பழசையே மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறாளா?

ஒரு சின்ன விஷயம். கம்பெனியில் எங்களுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு வைத்திருக்கிறார்கள். சிரிக்காதே. பத்தாவதோடு விட்டதை இந்த வயதில் போய்ப் பிடித்திருக்கிறேன். அதில் ஒரு சந்தேகம். செக், இன்ஸ்பெக்ட், டெஸ்ட் என்று மூன்று வார்த்தைகள் இருக்கின்றனவே, மூன்றும் ஒன்றுதானே? பதினோரு வருஷமாக லிஃப்டைப் பார்த்துவிட்டு நாங்கள் 'பார்த்தாச்சு' என்று ஒரே வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீ நாள் முழுக்க ஊரார் சான்றிதழ்களை இங்கிலீஷுக்கு மாற்றி முத்திரை குத்துகிறவள். ஒன்றுதான் என்றால் ஒரு வரியில் எழுதிவிடு, வகுப்பில் காட்ட வேண்டும்.

அவசரம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் சுகம். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மாவின் கண்ணாடி மாறிவிட்டது. புதுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி இவ்வளவு இளைச்சிருக்க, நான் கவனிக்கவே இல்லையே" என்கிறாள். நான் ஐந்து வருஷமாக இதே எடைதான்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். ஒன்று இல்லை, அண்ணா. பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் வேறு வேறு வாசல். அடுப்பின் கேஸ் ட்யூபை எடுத்துக்கொள். ட்யூப் மாட்டியிருக்கிறதா என்று போகிற போக்கில் பார்த்தால் அது செக். குனிந்து, திருப்பி, வெடிப்பு கிடிப்பு இருக்கிறதா என்று முழுக்கக் கண்ணால் பார்த்தால் இன்ஸ்பெக்ட். சோப்புத் தண்ணீரைத் தடவி, வால்வைத் திறந்து, குமிழி வருகிறதா என்று பார்த்தால் டெஸ்ட். முதல் இரண்டில் பொருள் சும்மா கிடக்கும், நீதான் பார்ப்பாய். மூன்றாவதில் பொருள் வேலை செய்து காட்ட வேண்டும். எங்கள் ஆபீசில் இதில் ஒன்றை மாற்றிப் போட்டால் காகிதம் திரும்பி வந்துவிடும்.

வாத்தியாரிடம் இதைக் காட்டி நல்ல பெயர் வாங்கிக்கொள்.

ஆமாம், உன் ரூம் கூட்டாளி நெட்டையண்ணனுக்கு என்ன ஆயிற்று? நீ எந்தக் கடிதம் எழுதினாலும் அடியில் கோணல்மாணலாக ஒரு வரி சேர்ப்பாரே. போன தடவை, "தங்கச்சி, உங்கண்ணன் குறட்டை தாங்கல, வந்து கூட்டிட்டுப் போ" என்று எழுதியிருந்தார். இந்தத் தடவை அடியில் ஒன்றுமே இல்லை. அம்மாதான் முதலில் கேட்டாள். சண்டையா?

அன்புடன்,
தங்கை

மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அம்மாவிடம் அப்படியே சொல்.

நீ எழுதியதைப் படித்தேன். நன்றாகப் புரிந்தது. இவ்வளவு நன்றாகப் புரிந்திருக்க வேண்டாம்.

வகுப்பில் அடுத்த பாடம். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஃபர்கெட் இருக்கிறது. அதுபோல ஓவர்லுக், ஒமிட், நெக்லெக்ட் என்றும் இருக்கின்றனவாம். ஒருவன் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று வை. அதற்கு இந்த நாலில் எது பொருந்தும்? எது கொஞ்சம் லேசானது, எது கனமானது என்று வரிசையாக எழுது.

வேலை ஜாஸ்தி. கூட்டாளி இல்லாமல் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதிய இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. "கூட்டாளி இல்லாமல்" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டாய். நெட்டையண்ணன் லீவில் போயிருக்கிறாரா, வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களா? போன் பண்ணலாம் என்றால் உங்கள் குவார்ட்டர்ஸ் போன் வாசல் காவலர் மேசையில் இருக்கிறது. பத்துப் பேர் காதில் விழ நீ என்ன பேசிவிடப் போகிறாய்?

நீ கேட்ட நாலு வார்த்தைகளையும் எந்த வகுப்பிலும் முதல் மாதத்தில் சொல்லித்தர மாட்டார்கள். அவை எங்கள் ஆபீசுக்கு வருகிற காகிதங்களின் வார்த்தைகள். விசாரணை நடந்த வீட்டிலிருந்து வருகிற காகிதங்கள். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நீ வேறு யாரிடமாவது கேட்பாய், அவர்கள் தப்பாகச் சொல்லுவார்கள்.

லேசானது ஓவர்லுக். கண் அந்தப் பக்கம் போயிற்று, ஆனால் படவில்லை. அடுத்தது ஃபர்கெட். மனசிலிருந்து நழுவிவிட்டது, யாருக்கும் நடப்பதுதான். ஒமிட் என்றால் விட்டுவிட்டான், வேண்டுமென்றா தெரியாமலா என்று அந்தச் சொல் வாயைத் திறக்காது. கனமானது நெக்லெக்ட். இது என் கடமை என்று தெரியும், தெரிந்தும் செய்யவில்லை. இந்தச் சொல் ஒரு காகிதத்தில் ஒருவன் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அவனுக்கு எழுந்திருப்பது கஷ்டம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "எல்லாரையும் கேட்டதாச் சொல்லியிருக்கான்" என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். "சொந்தமா சேர்த்துப் படிக்காதடி, உன் குரல் அங்க மாறுது" என்றாள்.

என்ன நடந்தது, அண்ணா?

தங்கை

மார்ச் 20

தங்கைக்கு,

நலம். ஒன்றும் நடக்கவில்லை. நீ எதையாவது கற்பனை பண்ணிக்கொண்டு அம்மாவையும் கலக்காதே.

ஒன்றே ஒன்று மட்டும் சொல். ஒரு வேலையில் இரண்டு பேர் இருந்தால், ஒருவனை இன்சார்ஜ் என்றும் மற்றவனை அசிஸ்ட் பண்ணினான் என்றும் எழுதுகிறார்களே, இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள் என்றால் இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இருபத்தெட்டாம் தேதிக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

அண்ணன்

மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. உடனே எழுதி விரைவுத் தபாலில் போடுகிறேன். எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கவில்லை, நீ உண்மை சொல்ல மாட்டாய்.

ஒன்றும் நடக்கவில்லை என்கிறவனுக்கு இருபத்தெட்டாம் தேதி எதற்கு? எங்கோ ஏதோ எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உன் தலையில் கை வைப்பார்களோ என்று நினைத்து நான் காலையிலிருந்து மூன்று பிறப்புச் சான்றிதழ்களைத் தப்பாக அடித்துவிட்டேன்.

இன்சார்ஜ் என்றால், ஏதாவது ஆனால் அவனைத்தான் கேட்பார்கள். அசிஸ்ட் என்றால் கூட இருந்து கை கொடுத்தவன். சொன்னதைச் செய்தவன். அவனை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். வேலை ஒரே வேலையாக இருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவன் ஒருவன்தான்.

அண்ணா, அந்த இரண்டு பேரில் நீ யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டில் ஒன்றை நீ எழுத வேண்டி வந்தால், அசிஸ்ட் என்று எழுது. செய்யாமல் விட்டதை எழுத வேண்டி வந்தால் ஓவர்லுக் என்று எழுது. வேறு எந்த வார்த்தையையும் தொடாதே. இந்தச் சொற்களை நான் பார்த்துப் பழகியவள். இவை இரண்டும் உன்னைக் காப்பாற்றும்.

அந்த இன்னொருவர் யார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் இதை எழுத முடியாமல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

தங்கை

மே 4

அன்புள்ள தங்கைக்கு,

சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. விசாரணை போன வாரம்தான் முடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலை இருக்கிறது. நீ கொடுத்த இரண்டு வார்த்தைகளும்தான் காப்பாற்றின. இனி உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை, எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாரம் ஒருவன் கையில் தாள், மற்றவன் கையில் ஏணி. தாள் வைத்திருப்பவன் சாமான்களையெல்லாம் பார்த்து டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் ஏணிக்காரன் உள்ளே இறங்குவான். தாள் யார் கையிலோ அந்த வாரம் அவன்தான் பெரியவன். தாளில் ஒவ்வொரு சாமானுக்கும் நேரே மூன்று கட்டங்கள். செக், இன்ஸ்பெக்ட், டெஸ்ட். நாங்கள் இரண்டு பேருமே மூன்றிலும் ஒரே மூச்சில் மூன்று டிக் போடுவோம்.

ஜனவரி கடைசி வாரம் தாள் என் கையில். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அதை அழுத்திவிட்டால் எந்த மாடியில் யார் பட்டனை அமுக்கினாலும் பெட்டி நகரக் கூடாது. டெஸ்ட் என்றால் அதை அழுத்திவிட்டு, ஒரு மாடியில் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். நான் ஸ்விட்சைப் பார்த்தேன். இருந்தது. மூன்று டிக் போட்டேன். நெட்டை கூரைமேல் இறங்கி, ஸ்விட்சை அழுத்திவிட்டு, பெட்டி ஓடுகிற தண்டவாளத்துக்கு எண்ணெய் போட வலது கையை உள்ளே விட்டான். நாலாவது மாடியில் யாரோ பட்டனை அமுக்கினார்கள். பெட்டி கிளம்பிவிட்டது. ஸ்விட்ச் உள்ளே செத்துக் கிடந்திருக்கிறது.

கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான். நெட்டை இன்சார்ஜ். நான் அசிஸ்ட் பண்ணினேன். எல்லாம் சரி என்று அவன் சொன்னான், நான் டிக் போட்டேன், ஸ்விட்சை ஓவர்லுக் பண்ணிவிட்டோம். அவனிடம் ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அதனால் என் காகிதம்தான் நின்றது. அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான் வேறு ரூமுக்கு மாறிவிட்டேன். அவன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்

மே 12

அண்ணா,

நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த இன்னொருவர் நெட்டையண்ணன் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பிப்ரவரியிலேயே அடியில் அந்த ஒரு வரி இல்லை என்று கேட்டவள் நான். கூட்டாளி இல்லை என்று நீ எழுதினாய். ஒன்றையும் ஒன்றையும் கூட்ட எனக்குத் தெரியாதா? கூட்டாமல் விட்டேன். பிறகு பேனாவை எடுத்து, அவரைப் பள்ளத்தில் தள்ளும் வார்த்தை எது என்று அகராதி பார்த்து உனக்கு எழுதினேன். நீ எழுதியது பாதி, நான் எழுதியது பாதி.

உன்மேல் எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எட்டு வருஷம் ஒரே ரூம். நீ காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர் என்று நீதானே எழுதினாய்?

போய்ச் சொல். தாள் என் கையில் இருந்தது என்று ஆபீசில் சொல். வேலை போனால் போகட்டும், வீட்டில் இடம் இருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் சொல்லிவிட்டு எனக்கு எழுது.

அம்மா கேட்கிறாள், மே மாதக் கடிதம் ஏன் இவ்வளவு மெதுவாகப் படிக்கிறாய் என்று.

தங்கை

ஜூன் 9

தங்கச்சிக்கு,

நெட்டை எழுதுவது. நீயும் அம்மாவும் சௌக்கியமா? நான் தேவலை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். முன்னேயும் அப்படித்தான் இருந்தது என்பாய்.

உன் அண்ணன் சொல்லியிருப்பான், கையில் அடிபட்டுவிட்டது. இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. முழுக்கப் படிக்க வரவில்லை. முதல் வரியில் ரெக்ரெட் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மன்னிப்புக் கேக்கறாங்கப்பா" என்றார். அவர் சம்சாரம், "இல்ல, வருத்தப்படறாங்க, அவ்வளவுதான்" என்றாள். இரண்டு பேருக்கும் அதில் வாக்குவாதம். எனக்குச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

எனக்கு அது சரியாகத் தெரிய வேண்டும். மன்னிப்பு என்றால் தப்பு அவர்களுடையது என்று ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் நான் போய், உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்பேன். வருத்தம் மட்டும்தான் என்றால் கேட்கப் போக மாட்டேன். போய் நின்று வெளியே அனுப்பப்பட்டால் தாங்காது.

உன் அண்ணனிடம் கேட்கலாம் என்று மூன்று தடவை சொல்லியனுப்பினேன். வேலை அதிகமாம். பாவம், இரண்டு பேர் வேலையை ஒருவனாகப் பார்க்கிறான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துத் தமிழில் எழுதி அனுப்பு. கட்டணம் உண்டென்றால் சொல், முத்திரைக்காரி நீ.

நெட்டை

ஜூன் 17

மரியாதைக்குரிய நெட்டையண்ணனுக்கு,

அம்மா சுகம். உங்கள் கையில் இன்னும் வலி இருக்கிறதா? கட்டு மாற்ற யார் கூட வருகிறார்கள்? உங்கள் எழுத்து முன்பைவிட நேராக இருக்கிறது, சத்தியமாக.

கம்பெனிக் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதை மட்டும் இங்கே சொல்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா சொன்னதுதான் சரி. அப்பாலஜைஸ் என்று எழுதியிருந்தால் நாங்கள் செய்தோம், மன்னியுங்கள் என்று அர்த்தம். ரெக்ரெட் என்றால் நடந்தது துக்கம், அவ்வளவுதான். யார் செய்தார்கள் என்பதில் அந்தச் சொல்லுக்கு அக்கறை இல்லை. அவர்கள் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டாவது பத்தியில், நீங்கள்தான் இன்சார்ஜ், என் அண்ணன் அசிஸ்ட் பண்ணினான், அதனால் தப்பு உங்களுடையது என்று எழுதியிருக்கிறார்கள். அதைத் தமிழில் எழுதும்போது எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்த வார்த்தையை அண்ணனுக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். அந்த வாரம் தாள் யார் கையில் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. இன்னொருவர் தலையில் அது விழும் என்று தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

அண்ணனைப் போய் உண்மையைச் சொல்லச் சொன்னேன். ஒரு மாதம் ஆகிறது, பதில் இல்லை. அவன் மே மாதம் எனக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது தமிழில் இருக்கிறது. உங்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். ஆபீசில் கொடுப்பதென்றால் கொடுங்கள்.

கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுக்கிறேன். நான் உங்களிடம் ரெக்ரெட் என்று சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள்.

கட்டணம் இல்லை.

தங்கச்சி

ஜூலை 3

தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். அம்மா எப்படி இருக்கிறாள்?

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை வந்தான். நாலு மாடி படியேறி. எங்கள் குவார்ட்டர்ஸில் லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். என் கடிதத்தை மேசைமேல் வைத்தான். "இது உன் கையெழுத்துதான?" என்றான். ஆமாம் என்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் நின்றேன்.

"டிக் போட்டத விடு" என்றான். "நானும்தான் போட்டேன், எட்டு வருஷமா. உன் வாரத்துல நடந்துச்சு. என் வாரத்துல நடந்திருந்தா உன் கை. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. இன்சார்ஜ் நான்னு எழுதினியே, அத எப்ப யோசிச்ச? நான் மயக்கத்துல கெடந்தப்பவா, இல்ல கண்ணு முழிச்சு உன்னக் கூப்பிட்டு அனுப்புன பிறகா?"

பிறகு என்றேன்.

"சரி" என்றான். கடிதத்தை அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். அதைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் போனேன்.

மேலாளர் மேசையிலேயே காகிதம் வாங்கித் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஃபைல் இங்கிலீஷில் இருக்கிறது, முத்திரை வைத்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். எங்கே செய்வது என்று கேட்டேன். ஒரு பட்டியலை நீட்டினார். அதில் உன் ஆபீசும் இருந்தது. அங்கேயே கொடுக்கிறேன் என்றேன்.

எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். சின்னதுதான். 'அந்த வாரம் தாள் என் கையில் இருந்தது. ஸ்விட்சை அழுத்திப் பார்ப்பது என் வேலை. மூன்று கட்டங்களும் ஒன்றுதான் என்று நினைத்தேன் என்று சொல்லலாம், ஆனால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது இங்கிலீஷ் தெரியாமலே எனக்குத் தெரியும். பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். பிறகு, அவர்தான் பொறுப்பு என்று பொய் எழுதினேன்.'

இந்தத் தடவை எந்த வார்த்தை லேசு என்று நான் கேட்கவில்லை. நீயும் தேடாதே.

அண்ணன்

ஜூலை 11

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீ சாப்பிடுகிறாயா? உண்மையைச் சொல்.

அம்மாவுக்கு உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் விடவில்லை. முடித்த பிறகு, "அந்தப் பிள்ளைக்கு எந்தக் கை?" என்று கேட்டாள். வலது கை என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் உன் கட்டிலில் கிடந்த சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டு மெத்தையை வெயிலில் போட்டாள்.

மொழிபெயர்ப்பு இதில் இருக்கிறது. மூன்று நகல். பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கொடுக்கவில்லை. எட்டு வரியை அடிக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. 'பார்க்கவில்லை' என்பதைச் சுலபமாகத் தாண்டிவிட்டேன். 'பொய் எழுதினேன்' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அதற்கு இங்கிலீஷில் எத்தனை மெத்தென்ற சொற்கள் இருக்கின்றன தெரியுமா? சரியில்லாத விவரம் தந்தேன், துல்லியமாகச் சொல்லவில்லை, தவறான எண்ணம் ஏற்படும்படி எழுதிவிட்டேன். ஒவ்வொன்றும் வேலைக்கு ஆகும். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். அதில் ஏதாவது ஒன்றைப் போட்டால், எச்சரிக்கையோடு உன்னை விட்டுவிடவும் கூடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். உனக்குத் தெரியாது, மேலாளருக்கும் மூலத்தைப் படித்துப் பார்க்க நேரம் இருக்காது.

'லை' என்று அடித்தேன். பொய்க்கு இங்கிலீஷில் மூன்றே எழுத்து.

கீழே, மூலத்துக்கு மாறாத மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது. செல்லும்.

தங்கை